வாரச் சம்பளக்காரருக்கு வங்கியில் வீட்டுக் கடன் ஏன் இல்லை? – ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வழங்கும் பொதுத்துறை வங்கிகளின் தலைமைகளுக்கும், மாநில அரசின் வீட்டுவசதித் துறை உயர் அலுவலர்களுக்கும்,

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஆவண எழுத்தராக இருக்கிறேன். கிரையம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் எம்.ஓ.டி. எல்லாம் என் மேசையில் தயாராகித்தான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகின்றன. யாருக்கு எங்கே கடன் கிடைத்தது, என்ன வட்டிக்குக் கிடைத்தது, யார் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதெல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியும்.

அரசு ஆதரவு பெற்ற வீட்டுக் கடன் மாநிலத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறீர்கள். வளர்கிறது, உண்மைதான். என்னிடம் வரும் எம்.ஓ.டி.க்களே அதற்குச் சாட்சி. ஆனால் எந்தக் குடும்பங்களின் பெயரைச் சொல்லி அரசு வட்டி மானியமும் கடன் உத்தரவாதமும் தருகிறதோ, அந்தக் குடும்பங்கள் உங்கள் கிளைகளிலிருந்து திருப்பி அனுப்பப்படுகின்றன. அவர்களுக்குக் கடைசியில் கடன் கொடுப்பது தனியார் வீட்டுவசதி நிதி நிறுவனம். வட்டி 13, 14, சில நேரம் 15 சதவீதம். அந்தக் கடனும் 'வளர்ச்சி'க் கணக்கில்தான் சேருகிறது. இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். சீரான வாரத்தில் அவருக்கு 3,500, கணவருக்கு 4,000 ரூபாய். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 3.9 லட்சம். பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0 குறைந்த வருவாய்ப் பிரிவு என்று வைத்திருக்கும் 3 முதல் 6 லட்சத்துக்குள் நன்றாகவே அடங்கும் குடும்பம். எங்கேயும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு கிடையாது. கணவரின் தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கென விடப்பட்ட நிலம்) மனையில், ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட 10 லட்சம் ரூபாய் கடன் கேட்டார்கள்.

அந்த அம்மா கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண நாற்பது பக்க நோட்டு. முதுகு கிழிந்த இடத்தில் பனியன் துணியை ஒட்டித் தைத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை ஷிப்ட், எவ்வளவு அட்வான்ஸ் போனது, கையில் எவ்வளவு வந்தது, பக்கத்தில் கான்ட்ராக்டரின் இனிஷியல். தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. ஏலச்சீட்டுக்குக் கட்டிய தவணைகள் பின்பக்கத்தில் தனியாக இருந்தன. இவ்வளவு ஒழுங்கான வருமானக் கணக்கைப் பெரிய கடைக்காரர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

வங்கிக் கிளையில் அந்த நோட்டைப் பிரிக்கவே இல்லை. "இதெல்லாம் வருமானச் சான்று ஆகாதும்மா. சேலரி ஸ்லிப் இல்லீன்னா மூணு வருச ஐடி ரிட்டர்ன் கொண்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தொடவில்லை என்றால் பொதுவாக ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கட்டாயமே சட்டத்தில் இல்லை. இந்தத் தம்பதியில் இருவருமே அதற்குக் கீழே. குடும்ப வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவரைப் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று திட்டம் அழைக்கிறது, கிளையோ அவரிடம் வருமான வரிக் கணக்கு கேட்கிறது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் உண்மையாக நினைக்க முடியும்.

அப்புறம் ஜாமீன் கேட்டார்கள். அரசு வேலையில் இருப்பவர் இரண்டு பேர் வேண்டுமாம். அதற்கும் அலைந்தார்கள். கடைசியாக வங்கியின் வழக்கறிஞர் 'நத்தம், மூலப் பத்திரம் இல்லை' என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. எதுவுமே எழுத்தில் இல்லை, எல்லாம் வாய்வார்த்தை.

அதே தெருவில் ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கே வந்தார். அந்த நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி போட்டோ எடுத்தார். கம்பெனிக்குப் போய் விசாரித்தார். நத்தம் பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் வாங்கிக்கொண்டார். கடன் வந்துவிட்டது, 14 சதவீதத்தில். அந்த எம்.ஓ.டி.யை நான்தான் எழுதினேன்.

இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வருமானச் சான்று ஆகாது என்று உங்கள் கிளை ஒதுக்கிய நோட்டை வைத்துத்தான் அந்த நிறுவனம் வருமானத்தைக் கணக்கிட்டது. உங்கள் வழக்கறிஞர் செல்லாது என்ற மனையை வைத்துத்தான் அடமானம் பதிவானது. ஆகவே கடன் கொடுக்கத் தகுதியில்லாத குடும்பம் என்ற வாதம் நிற்காது. விசாரித்துப் பார்க்க நீங்கள் தயாராக இல்லை, அவர்கள் தயாராக இருந்தார்கள். அந்த விசாரணைக்கு அவர்கள் வாங்கும் கூலியைப் பாருங்கள்.

10 லட்சம் ரூபாய், 15 ஆண்டுகள். வங்கி வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 9,557 ரூபாய். 14 சதவீதத்தில் 13,317 ரூபாய். மாதம் 3,760 ரூபாய் கூடுதல். 180 மாதங்களுக்கு அது 6 லட்சத்து 76 ஆயிரத்தைத் தாண்டுகிறது. புதிய 2.0 திட்டத்தின் வட்டி மானியம் எவ்வளவு? அதிகபட்சம் 1.80 லட்சம். அதாவது அரசு ஒரு கையால் கொடுப்பதைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல், உங்கள் கிளையின் ஒரு 'இல்லை' அந்தக் குடும்பத்திடமிருந்து எடுத்துவிடுகிறது. மானியம் நிதி நிறுவனக் கடனுக்கும் உண்டு. ஆனால் 14 சதவீத வட்டியில் அந்த மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று சொல்லவேண்டியதில்லை.

வட்டி விகிதத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தங்கள் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ குறைந்தபோது வங்கியில் கடன் வாங்கிய மாதச் சம்பளக்காரருக்குத் தவணையோ கால அளவோ குறைந்தது. நீங்கள் திருப்பி அனுப்பியவர்களுக்கு அது தானாக வந்து சேரவில்லை. ஏறும்போது மட்டும் தவறாமல் கடிதம் வருகிறது.

வளர்ச்சிக் கணக்கையும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் முன்னுரிமைத் துறையில் (வங்கிகள் தங்கள் கடனில் ஒரு பங்கைக் கட்டாயம் தரவேண்டிய துறைகளின் கணக்கில்) சேரும் வீட்டுக் கடனின் உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை, 10 முதல் 50 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள இடங்களில் 45 லட்சம் வரை, மற்ற இடங்களில் 35 லட்சம் வரை. அதற்கு முன் பெருநகரங்களில் 35, மற்ற இடங்களில் 25 லட்சம்தான். சென்னையில் ஒரு மென்பொருள் ஊழியருக்குக் கொடுக்கும் 48 லட்ச ரூபாய்க் கடன் முன்பு இந்தக் கணக்கில் வராது, இப்போது வரும். நான் அவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கூலித் தொழிலாளிக்குக்கூடப் புதிதாகக் கடன் கொடுக்காமலேயே 'முன்னுரிமை வீட்டுக் கடன்' கூடிவிட்டது என்று அறிக்கை எழுத இந்த மாற்றம் ஒன்றே போதும். மொத்தத் தொகையைச் சொல்லாதீர்கள். 3 லட்சத்துக்குள் வருமானம் உள்ள எத்தனை குடும்பங்கள், 6 லட்சத்துக்குள் எத்தனை, அவர்களில் எத்தனை பேருக்கு வங்கி நேரடியாகக் கொடுத்தது என்று சொல்லுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் பழைய வடிவில் இருந்த கடன் சார்ந்த வட்டி மானியம் நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு 2022 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அது நல்ல திட்டம் என்பது என் கருத்து. 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியத்தைக் கணக்கிட்டு, 2.67 லட்சம் வரை மொத்தமாக அசலில் கழித்தார்கள். அதனால் தவணையே குறைந்தது. அடுத்த திட்டம் 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி முதல் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்குத்தான். இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. அந்தக் காலத்தில்தான், 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள், ரெப்போ 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. 2022 ஏப்ரலில் 7 சதவீதத்துக்கு 20 ஆண்டுக் கடனாக 10 லட்சம் வாங்கியவரின் தவணை 7,753 ரூபாய். வட்டி 9.5 ஆனபோது மாத வட்டி மட்டுமே அந்தத் தவணையைத் தாண்டிவிடும். பழைய தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தால் அசல் கூடும். இப்படிக் கடன் வீங்கிப்போன ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு, "அண்ணா, கட்டக் கட்ட ஏறுதுங்க, எப்படிங்க?" என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி சொன்னது 2023 ஆகஸ்டில். அதற்குள் எல்லாம் ஏறி முடிந்திருந்தது.

புதிய மானியமும் பழையதைப் போல இல்லை. ஐந்து ஆண்டுத் தவணைகளாக வருகிறது. கடன் உயிரோடு இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். சீட்டு எடுத்தோ நகை விற்றோ சீக்கிரம் அடைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இது ஒரு தடை.

கையில் முதலில் இருக்கவேண்டிய பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிரையம் எழுதுகிறவன் நான். 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்கக் கூடாது, 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் வீடு வாங்குகிறவர் 2 லட்சம் முன்பணம், 1.80 லட்சம் பத்திரச் செலவு, அதற்கு மேல் லீகல், மதிப்பீடு, எம்.ஓ.டி. செலவு எல்லாவற்றையும் கையிலிருந்து எடுக்க வேண்டும். கையில் ஏது? நகைக் கடன், கந்து வட்டி, சீட்டு. வீட்டுக் கடனின் முதல் தவணை தொடங்கும் முன்பே அவர் இன்னொரு கடனில் இருக்கிறார். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் மதிப்பு வரை பெண்கள் பெயரில் பதிந்தால் மாநில அரசு 1 சதவீதம் பதிவுக் கட்டணத்தைக் குறைத்தது. நல்ல முடிவு, என் மேசையிலேயே அதன் பலனைப் பார்க்கிறேன். ஆனால் நகரத்தில் கட்டிய வீடு அந்த மதிப்புக்குள் கிடைப்பது அரிது.

நத்தம் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் மனம் வெதும்பும் இடம். நத்தம் நிலம் அரசுடையது அல்ல, குடியிருப்பவர்களுக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அரசே அளந்து பட்டாவும் கொடுத்திருக்கிறது. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்திருப்பார்கள், வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். கிரையமே ஆகாத இடத்துக்கு 30 ஆண்டு வில்லங்கமும் மூலப் பத்திரமும் எங்கிருந்து வரும்? சில வங்கிகளின் சில கிளைகளில் இதே நத்தத்துக்குக் கடன் கொடுக்கிறார்கள், பக்கத்து ஊர்க் கிளையில் மறுக்கிறார்கள். வழக்கறிஞருக்கு வழக்கறிஞர் சட்டம் மாறுமா? 2024-25 நிதிநிலை அறிக்கையில் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அதை வைத்துத் தொடங்கும் வீட்டை முடிக்க மேற்கொண்டு பணம் தேவைப்படும் குடும்பங்களில் பலவும் நத்தத்தில்தான் இருக்கின்றன. அவர்களும் கடைசியில் வெளி வட்டிக்குத்தான் போகிறார்கள்.

கிளை மேலாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் சிலர் என்னிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். வாரச் சம்பளக்காரருக்குக் கொடுத்த கடன் வாராக் கடனானால் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம். திருப்பி அனுப்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பயத்தை இப்படி ஒரு பக்கம் மட்டும் வைத்தது தலைமை. அந்தப் பயத்தைப் போக்கத்தான் குறைந்த வருவாய் வீட்டுக் கடனுக்கான உத்தரவாத நிதியை மத்திய அரசு 2012-லேயே ஏற்படுத்தியது. மூன்றாம் நபர் ஜாமீன் கேட்காமல் கொடுக்கும் கடனில் நட்டம் வந்தால் பெரும் பகுதியை அந்த நிதி ஏற்கும். புதிய திட்டத்தோடு அதன் தொகுப்பை 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். நான் பேசிய மேலாளர்களில் பலர் இப்படி ஒரு நிதி இருப்பதையே கேள்விப்படவில்லை. உத்தரவாதம் டெல்லியில் இருக்கிறது, இங்கே கிளையில் அரசு ஊழியர் ஜாமீன் கேட்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் பல கம்பெனிகளில் ஷிப்ட் குறைந்தது. வாரம் 3,500 வந்த இடத்தில் 2,000 வந்தது. 9,557 ரூபாய்த் தவணை என்றால் எப்படியோ சமாளித்திருப்பார்கள். 13,317 கட்டவேண்டியவர்கள் திணறினார்கள். 90 நாள் தவறினால் வாராக் கடன், அதற்குப் பிறகு, நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ். வீட்டுக்காக வாங்கிய கடனில் வீடே போகும் நிலை. நீங்கள் முதலிலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு நெருக்கடி வந்திருக்காது.

என் கோரிக்கைகள் இவை.

வங்கித் தலைமைகளே, கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது நீங்கள் ஏற்றுக்கொண்ட நியாய நடைமுறை நெறிமுறையிலேயே இருக்கிறது. அதை ஒவ்வொரு கிளையிலும் நடைமுறைப்படுத்துங்கள். விண்ணப்பம் வாங்கும்போதே எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகை கொடுங்கள், வாய்வார்த்தையில் யாரையும் திருப்பி அனுப்ப முடியாதபடி. வாரக் கூலி, துண்டுக் கூலி வாங்குகிறவர்களுக்குச் சம்பளச் சீட்டும் ரிட்டர்னும் கேட்பதை நிறுத்துங்கள். கூலி நோட்டு, வங்கிக் கணக்கு வரவு, ஜிபே வரவு, கம்பெனியில் நேரடி விசாரணை ஆகியவற்றை வைத்து வருமானத்தைக் கணக்கிட எழுத்துபூர்வ வழிகாட்டுதல் கொடுங்கள், அதன்படி கொடுத்த மேலாளரைப் பின்னால் தண்டிக்காதீர்கள். உத்தரவாத நிதியின் கீழ் வரக்கூடிய கடனுக்கு ஜாமீன் கேட்கக் கூடாது என்று சுற்றறிக்கை விடுங்கள். மாதத் தவணையை வாரத் தவணையாகக் கட்டவும் வழி செய்யுங்கள், சனிக்கிழமை கையில் இருக்கும் பணம் அடுத்த மாதம் 5-ஆம் தேதிவரை இருக்காது.

வீட்டுவசதித் துறை அலுவலர்களே, வருவாய்த் துறையையும் வங்கிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து நத்தம் பட்டாவுக்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே சட்டக் கருத்துரையை உருவாக்குங்கள். என்ன ஆவணங்கள் போதும் என்று அதில் பட்டியலே இருக்கட்டும். நலிந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினரின் வீட்டுக் கடன் எம்.ஓ.டி.க்கும், கடன் முடிந்தபின் போடும் ரசீதுப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யப் பதிவுத் துறைக்குப் பரிந்துரை செய்யுங்கள். பெண்களுக்கான கட்டணச் சலுகையின் 10 லட்ச வரம்பை உயர்த்தக் கேளுங்கள். 2022 ஏப்ரலுக்கும் 2024 ஆகஸ்டுக்கும் இடையில் கடன் வாங்கி இரண்டு மானியமும் கிடைக்காமல் போனவர்களைக் கணக்கெடுத்து, மாநில நிதியிலிருந்தாவது உதவுங்கள். உயர்ந்த வட்டியில் தவிப்பவர்களின் கடனைப் பொதுத்துறை வங்கிகளுக்கு மாற்ற ஒவ்வொரு மாவட்டத்திலும், அங்குள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மூலம் முகாம் நடத்துங்கள்.

கடைசியாக, இரு தரப்பாருக்கும். அடுத்த காலாண்டில் வீட்டுக் கடன் எவ்வளவு வளர்ந்தது என்று அறிவிக்கும்போது அந்த எண்ணோடு மாவட்ட வாரியாக, வருமானப் பிரிவு வாரியாக, எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது, வங்கி கொடுத்தது எவ்வளவு, நிதி நிறுவனம் கொடுத்தது எவ்வளவு, சராசரி வட்டி என்ன என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். தமிழில் வெளியிடுங்கள், ஒவ்வொரு கிளையின் பலகையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
திருப்பூர் மாவட்டம்